பாலர் வகுப்பும் வீட்டு ஜெபமும்: சின்னப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

"அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாலர் வகுப்பை நீங்க எடுத்துக்கோங்க" என்று போதகர் சொல்லியிருப்பார். அல்லது வீட்டில் மூன்று வயதைத் தொட்ட பிள்ளை, "இயேசப்பா எங்க இருக்காரு?" என்று கேட்க ஆரம்பித்திருக்கும். எதுவானாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மூன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மட்டும் மனதில் வைத்து எழுதுகிறேன். தென் மாவட்டச் சபைகளில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளிதான் எனக்குப் பழக்கம். கத்தோலிக்கரின் மறைக்கல்வி வகுப்பிலோ பெந்தெகொஸ்தே சபையிலோ பாடத்திட்டம் வேறாக இருக்கும். ஆனால் நாலு வயதுப் பிள்ளை எங்கும் நாலு வயதுப் பிள்ளைதான்.

வீடுதான் முதல் வகுப்பு

உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் மோசே பெற்றோரிடம் சொல்வதைக் கவனியுங்கள்: "நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக்குறித்துப் பேசி..." எல்லாமே வீட்டு நேரம். தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று எழுதும்போது பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறு ஞானோபதேசத்தை எழுதியபோது, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்றே அதன் பகுதிகளுக்குத் தலைப்பிட்டார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்க் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

ஓய்வுநாள் பள்ளி இதற்கெல்லாம் பிற்பாடு வந்தது. இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியது, வாரம் முழுக்க வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுப்பதற்காக. இன்றைக்கு நாம் அதை வீட்டுக்குப் பதிலாக வைத்துக்கொண்டோம். ஞாயிறு காலை பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டால் போதும், விசுவாசத்தை டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறோம். வாரம் ஒரு மணி நேரத்தில் அது நடக்காது. ஆகவே, புதிதாக வரும் டீச்சருக்கு நான் சொல்வது, உங்கள் வகுப்பில் நடப்பது அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் பேசப்பட வேண்டும் என்பதை வைத்தே திட்டமிடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: ஞாயிறு மதியம் சாப்பாட்டு நேரத்தில், "இன்னைக்கு என்ன கதை?" என்று கேட்காமல் இருக்காதீர்கள்.

வியாழக்கிழமையே தொடங்குங்கள்

சனி இரவு பாடப்புத்தகத்தைப் புரட்டுகிற பழக்கம் வேண்டாம். வியாழனே அந்த வேதபகுதியை நேராக வேதாகமத்திலிருந்து இரண்டு தரம் சத்தமாக வாசியுங்கள். ஆசிரியர் கையேட்டை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். வாசித்த பிறகு, ஒரு பிள்ளை தன் வாயால் வீட்டில் போய்ச் சொல்லக்கூடிய ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். காணாமல்போன ஆடு என்றால், "நான் தொலைஞ்சு போனா இயேசப்பா தேடி வருவார்." அவ்வளவுதான். மனந்திரும்புதல், தொண்ணூற்றொன்பது நீதிமான்கள், பின்மாற்றம் இவற்றையெல்லாம் பிள்ளை பெரிதாகும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒரு கதையில் நாலு பாடம் சொன்னால் பிள்ளை ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோகாது.

இந்த வயதில் பிள்ளைகள் சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். "இயேசு உன் இருதயத்துக்குள்ள இருக்கார்" என்றால், எப்படி உள்ளே போனார், சாப்பிட்டால் அவர் மேல் விழாதா என்று யோசிப்பார்கள். "இரத்தத்தால் கழுவப்பட்டோம்" என்பது பயத்தைத்தான் கொடுக்கும். "இயேசப்பா எப்பவும் உன்கூட இருக்கார்" என்பது புரியும்.

வகுப்பு எப்படி நடக்கும்

நாற்காலி வேண்டாம். ஜமுக்காளத்தை விரித்து வட்டமாக உட்காருங்கள், நீங்களும் தரையில். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளை இருந்தால் அம்மாவையும் பின்னால் உட்காரவையுங்கள். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். எழுந்து நின்று கை, கால் அசைத்துப் பாட இரண்டு பாட்டு. பிறகு கதை. அதற்கு ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

காணாமல்போன ஆட்டின் கதையை நான் சொல்லும் விதத்தைச் சொல்கிறேன். பஞ்சில் செய்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஜன்னல் ஓரத் திரைக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். நூறு என்றால் அவர்களுக்கு விளங்காது. அதனால் விரல்களை விரித்துப் பத்து வரை எண்ணச் சொல்லி, "இந்த மாதிரி பத்துத் தடவை" என்பேன். சாயங்காலம் மேய்ப்பர் எண்ணிப் பார்க்கிறார், ஒன்று குறைகிறது. எல்லோரும் எழுந்து தேடுவோம், அலமாரிக்கு அடியில், கதவுக்குப் பின்னால். கண்டுபிடித்த பிள்ளை அதைத் தோளில் போட்டுக்கொண்டு வர வேண்டும், ஏனென்றால் லூக்கா அப்படித்தான் எழுதியிருக்கிறார். அப்புறம் உட்கார்ந்து, "தனியா இருந்தப்ப ஆட்டுக்குட்டி என்ன நினைச்சிருக்கும்?" என்று கேட்பேன். "பயந்திருக்கும்." "பசிச்சிருக்கும்." கோயில் அசன விருந்தில் கூட்டத்துக்குள் தான் தொலைந்துபோன கதையை ஒரு பிள்ளை சொல்லும். பாடம் தடம் மாறுகிறதே என்று அதை நிறுத்தாதீர்கள். பாடம் அங்கேதான் நடக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி: "மேய்ப்பர் ஆட்டுக்குட்டியை அடிச்சாரா?" பாதிப் பிள்ளைகள் "ஆமா" என்பார்கள். ஓடிப்போனால் அடி விழும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த உலகம். "இல்லை, சந்தோஷத்தோட தூக்கிட்டு வந்தார், பக்கத்து வீட்டுக்காரங்களை எல்லாம் கூப்பிட்டார்" என்று சொல்லும்போது அந்த முகங்களைப் பாருங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிறகு படத்துக்கு வண்ணம் தீட்டலாம், களிமண்ணில் ஆடு செய்யலாம். ஆனால் மணி முழுக்க வண்ணம் தீட்டவைத்துவிட்டுப் பாடம் நடத்தியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வசனம்

இந்த வயதுக்கு அரை வசனம் போதும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்." "தேவன் அன்பாகவே இருக்கிறார்." "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." நம் பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியங்கள் பிறகு வரட்டும். ஒரே வசனத்தை இரண்டு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிசுகிசுப்பாகச் சொல்வது, அப்புறம் சத்தமாக, அப்புறம் கைதட்டி, அப்புறம் பஞ்சு ஆட்டைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே ஆளுக்கு ஒரு சொல். சங்கீதமா யோவானா என்ற குறிப்பையும் வசனத்தோடு சேர்த்தே சொல்லப் பழக்கினால் பின்னால் உதவும். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. அதற்காக வசனத்தை ஆங்கிலத்துக்கு மாற்றத் தேவையில்லை. காதால் கேட்டே கற்றுக்கொள்ளட்டும். பாட்டியோடு சேர்ந்து ஜெபிக்கிற மொழி அவர்களிடம் இருக்க வேண்டும்.

பாலர் வகுப்பில் வசனப் போட்டி வைப்பதை நான் விரும்புவதில்லை. மேடையில் நிறுத்தி, மறந்துபோய் அழுகிற பிள்ளைக்கு அந்த வசனம் ஆறுதலாக இருக்கப் போவதில்லை. ஆண்டுவிழாவில் எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும், வருகிற எல்லோருக்கும் ஒரே பரிசு கொடுங்கள்.

வாசலில் நிற்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை

வகுப்பு முடிந்ததும் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஆராதனைக்கு ஓடாதீர்கள். வந்து கூட்டிப்போகும் அம்மாவிடமோ அப்பாவிடமோ தாத்தாவிடமோ அன்றைய வாக்கியத்தையும் வசனத்தையும் சொல்லி, ராத்திரி கேட்க ஒரு கேள்வியும் கொடுங்கள். "ஆட்டுக்குட்டி எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னு கேளுங்கக்கா." வாட்ஸ்அப்பில் அரை நிமிடக் குரல்பதிவு அனுப்பினாலும் சரி. வகுப்பையும் வீட்டையும் கட்டுவது இந்தச் சின்ன வேலைதான், ஆனால் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

வீட்டு ஜெபம்

நம் வீடுகளில் குடும்ப ஜெபத்துக்கு ஒரு முறை உண்டு: பாட்டு, வேதவாசிப்பு, முழங்கால்படியிட்டு ஜெபம். நல்ல முறை. ஆனால் ராத்திரி சாப்பாடெல்லாம் முடிந்து, தூங்கி விழுகிற பிள்ளையை அரை மணி நேரம் முழங்காலில் நிறுத்தினால், ஜெபம் என்றாலே தண்டனை என்றுதான் அதற்குப் பதியும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் சாப்பாட்டுக்கு முன்பே ஜெபத்தை வையுங்கள், பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். பெரியவர்கள் ஊழியங்களுக்காகவும் தேசத்துக்காகவும் நீண்ட நேரம் ஜெபிக்க விரும்பினால் பிள்ளை தூங்கிய பிறகு தொடரலாம். எல்லோருடைய போனும் வேறு அறையில் இருக்கட்டும். பாட்டைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் வேலை. ஒரே பாட்டை மாதக் கணக்கில் கேட்டாலும் பாடுங்கள். அப்பாவும் உட்கார வேண்டும். ஜெபம் அம்மாவின் வேலை என்று மகன்கள் நினைப்பது எப்படி ஆரம்பிக்கிறதென்று தெரிந்துகொள்ள வெகு தூரம் போக வேண்டியதில்லை.

பிள்ளையைத் தானாக ஜெபிக்கப் பழக்குவது எப்படி? படுக்கையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, "இன்னைக்கு எது நல்லா இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

"நாய்க்குட்டி பார்த்தேன்."

"அப்ப அதுக்கு நன்றி சொல்லலாமா?"

"இயேசப்பா, நாய்க்குட்டிக்கு நன்றி. ஆமென்."

முழு ஜெபம் இதுவே. இதற்கு மேல் நீட்ட வேண்டாம். பெரியவர்களின் ஜெப வாக்கியங்களைக் காதில் ஓதித் திருப்பிச் சொல்லவைக்காதீர்கள். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் விலக்கு: அதைத் தினமும் நீங்கள் நிறுத்தி நிதானமாகச் சொன்னால், கேட்டுக் கேட்டே பிள்ளை ஆறு வயதுக்குள் முழுவதும் சொல்லும்.

மற்றபடி, ஜெப நேரத்துக்கு வெளியேதான் அதிகம் நடக்கும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டே "உள்ளே இருக்கிறவங்களுக்கு உதவி செய்யுங்க ஆண்டவரே" என்று ஒரு வரி. முதல் மழைக்கு ஒரு நன்றி. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைக் காணிக்கைக்கென்று தனியாக எடுத்துவைக்கிற பாட்டிமாரின் வழக்கம் இன்னும் இருக்கிற வீடென்றால், அந்தப் பிடியைப் பிள்ளையின் கையால் போடவையுங்கள். பிள்ளையிடம் அநியாயமாகக் கோபப்பட்டுவிட்டால், அதே நாளில் "அம்மா கத்தியது தப்பு, மன்னிச்சுக்கோ" என்று கேளுங்கள். "ஒருவருக்கொருவர் மன்னியுங்கள்" என்ற எபேசியர் வசனத்தை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

இயேசப்பாவைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். "சாமி கண்ணைக் குத்தும்" என்று ஊரில் சொல்வதை நாம் "இயேசப்பா அடிப்பார்", "பொய் சொன்னா இயேசப்பாவுக்கு உன்னைப் பிடிக்காது" என்று மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாப்பிட வைக்க, தூங்க வைக்க, சத்தம் போடாமல் இருக்க வைக்க, எல்லாவற்றுக்கும் அவர் பெயர். இப்படி வளர்கிற பிள்ளை தப்பு செய்தால் அவரிடம் போகாது, அவரிடமிருந்து ஒளியும். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியபோது இயேசு விசனமடைந்தார் என்று மாற்கு பத்தாம் அதிகாரம் சொல்கிறது. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்." பயம் காட்டுவதும் தடைதான். கண்டிக்க வேண்டியதை உங்கள் பெயரிலேயே கண்டியுங்கள்: "பொய் சொன்னது தப்பு. எனக்கு வருத்தமா இருக்கு. ஆனா நீ என் பிள்ளைதான், இயேசப்பாவுக்கும் நீ பிள்ளைதான்."

அதே காரணத்துக்காகத்தான் நரகத்தைக் காட்டி, "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று கையைத் தூக்கவைப்பதும் இந்த வயதில் கூடாது என்கிறேன். கோடை விடுமுறையில் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும்போது இந்த ஆசை நமக்கு அதிகம் வரும். நாலு வயதுப் பிள்ளை, பக்கத்துப் பிள்ளை தூக்கியதால்தான் கையைத் தூக்கும்.

கடினமான கதைகள், கடினமான கேள்விகள்

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையைப் பாலர் வகுப்பில் சொல்ல வேண்டாம். அப்பா மேலேயே பயம் வந்துவிடும். நோவா கதையில் பேழையும் மிருகங்களும் வானவில்லும் போதும். சிலுவையைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் ஆணி, இரத்தம், சவுக்கு என்று விவரிக்காமல், படக்காட்சிகள் காட்டாமல். அன்றைக்கே உயிர்த்தெழுதலையும் சொல்லிவிடுங்கள். ஈஸ்டர் வரை அந்தப் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது. குருத்தோலை ஞாயிறு இதற்கு நல்ல வாசல். ஓலையில் சிலுவை பின்னிக் கையில் பிடித்துப் பவனியில் நடந்த பிள்ளைக்கு, அந்த வாரத்தின் கதையை அதிலிருந்தே தொடங்கலாம்.

"தாத்தா எங்கே போனார்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் ஒரு நாள் வரும். தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள், பிள்ளை தூங்கப் பயப்படும். நல்லவர்களை இயேசப்பா சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்றும் சொல்லாதீர்கள். "தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு இனி எழுந்திருக்காது. தாத்தா இயேசப்பாகூட இருக்கார். நமக்கு அழுகையா வருது, லாசரு இறந்தப்ப இயேசப்பாவும் அழுதார்." இதைச் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்.

"ஜெபம் பண்ணினேனே, ஏன் கிடைக்கல?" என்று கேட்கும் பிள்ளைக்கு நான் மிஷனெரி ஏமி கார்மைக்கேலின் கதையைச் சொல்வேன். அயர்லாந்தில் 1867இல் பிறந்தவர். சின்ன வயதில் தனக்கு நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தார். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். அழுதார். பல வருடம் கழித்து நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தபோது, இந்த ஊர்க்காரர்களைப் போலவே இருந்த அந்தக் கண்கள் அவருக்கு உதவின. பதில் தெரியாத கேள்வி வந்தால், "எனக்கும் தெரியல, போதகர்கிட்ட சேர்ந்து கேட்போம்" என்று சொல்லி, மறக்காமல் கூட்டிப்போய்க் கேளுங்கள்.

சாதியும் பக்கத்து வீடும்

உண்மை பேசுவது, பகிர்ந்துகொள்வது, நன்றி சொல்வது எல்லாம் கதைகளோடும் வீட்டுப் பழக்கத்தோடும் தானாக வரும். தானாக வராத ஒன்று இருக்கிறது. நம் சபைகளில் பிள்ளைகள் சாதியை வீட்டுக் கூடத்தில்தான் கற்றுக்கொள்கிறார்கள்: யார் வீட்டில் சாப்பிடலாம், யாரை "நம்ம ஆளு" என்று சொல்கிறோம் என்ற பேச்சில். யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்கள் என்று யோவான் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு சமாரியன்தான் வழியில் கிடந்தவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்தான். நல்ல சமாரியன் கதையை இந்த உண்மையோடு சொல்லுங்கள், சொன்ன வாரமே அதுவரை போகாத ஒரு வீட்டுக்குப் பிள்ளையோடு போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

பள்ளியில் பக்கத்தில் உட்காரும் தோழன் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருப்பான். "நாங்க இயேசப்பாகிட்ட ஜெபம் பண்ணுவோம்" என்று பிள்ளை தைரியமாகச் சொல்லட்டும். அவர்கள் கும்பிடுவதைக் கேலி செய்யவோ இழிவாகப் பேசவோ ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். நீங்கள் பேசுவதைக் கேட்டுத்தான் பிள்ளை பேசும்.

பாதுகாப்பு

வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கழிவறைக்குப் பெண் ஆசிரியர் ஒருவர், முடிந்தால் அம்மாவே, கூட்டிப்போக வேண்டும். பிள்ளையை அழைத்துவந்தவரிடமே திரும்ப ஒப்படைக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, அது யாராக இருந்தாலும், எவ்வளவு மதிப்புள்ள ஊழியராக இருந்தாலும். அடிக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்குத் தவறு நேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் கமிட்டிக்குள் பேசி முடிக்கும் விஷயமல்ல. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

முதல் வாரங்களுக்கு எந்தக் கதைகள்?

இந்த வரிசையில் தொடங்கலாம்: பிள்ளைகளை இயேசு அணைத்து ஆசீர்வதித்தது (மாற்கு 10), காணாமல்போன ஆடு (லூக்கா 15), நாணற்பெட்டியில் மோசேயும் அவனைக் காவல் காத்த அக்காவும் (யாத்திராகமம் 2), ராத்திரியில் சாமுவேலைக் கூப்பிட்ட சத்தம் (1 சாமுவேல் 3), எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த காகங்கள் (1 இராஜாக்கள் 17), ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் கொடுத்த பையன் (யோவான் 6), புயலை அமர்த்தியது (மாற்கு 4), மரத்தில் ஏறிய சகேயு (லூக்கா 19), யவீருவின் மகள் (மாற்கு 5). எழுந்ததும் அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று இயேசு சொன்னதைக் கடைசிக் கதையில் விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. இவை முடிந்ததும் உடனே புதுக் கதைக்குப் போக வேண்டாம். எந்தக் கதை மறுபடி வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டு, அவர்கள் சொல்வதை அடுத்த ஞாயிறு திரும்பச் சொல்லுங்கள்.